ஏசிஎல் ரிப்போர்ட்டில் எலும்பும் மெனிஸ்கஸும்: எந்த வரிக்குப் பயப்பட வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பிக்கு 19 வயது, கபடியில் ரெய்டர். ரெய்டில் சட்டென்று திரும்பும்போது இடது முட்டி உள்பக்கம் மடங்கி 'டப்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. ஓரிரு மணி நேரத்தில் நல்ல வீக்கம். எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்பு உடையவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் நான்கு வரி: ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஒரு நார், அதாவது லிகமென்ட்) முழுக் கிழிசல், தொடை எலும்பின் வெளிப்பக்கக் குமிழிலும் டிபியாவின் (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு) பின்-வெளி ஓரத்திலும் 'போன் கன்ட்யூஷன்', மீடியல் மெனிஸ்கஸின் (முட்டிக்குள் உள்பக்கம் இருக்கும் மெத்தை) பின்பகுதியில் 'கிரேடு 3 சிக்னல்', மூட்டுக்குள் நீர். எலும்பில் அடி என்று போட்டிருக்கும்போது ஏன் மாவுக்கட்டு போடவில்லை, ஏசிஎல்லை மட்டும் சரிசெய்தால் போதாதா, எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் பயந்திருப்பது இரண்டாவது வரிக்கு. என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது மூன்றாவது வரிக்கு. ஏசிஎல் இன்னும் சில வாரம் காத்திருக்கும். மெனிஸ்கஸ் அப்படிக் காத்திருக்காது.

ஏசிஎல் தனியாகக் கிழிவது குறைவு. காரணம் கிழியும் விதத்திலேயே இருக்கிறது. கால் தரையில் ஊன்றியிருக்க உடம்பு திரும்புகிறது, முட்டி லேசாக மடங்கி உள்பக்கம் சாய்கிறது. கூடைப்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகளின் காயங்களை வீடியோவில் ஃப்ரேம் ஃப்ரேமாக அலசியவர்கள், பாதம் தரையைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லிசெகண்டில் ஏசிஎல் போய்விடுகிறது என்று கணக்கிட்டார்கள். தசை சுதாரிக்கவே நேரம் கிடையாது. டிபியா முன்னால் நழுவாமலும் உள்நோக்கித் திருகாமலும் பிடித்து வைப்பதுதான் ஏசிஎல்லின் வேலை. அது அறுந்ததும் டிபியா முன்னால் சறுக்குகிறது. தொடை எலும்பின் வெளிக்குமிழ் டிபியாவின் பின் விளிம்பில் போய் மோதுகிறது.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு கன்ட்யூஷனும் அந்த மோதலின் தடம். காலை நீட்டிப் படுக்க வைத்து எடுத்த படத்தில் இரண்டு தடமும் எதிரெதிரே இருக்காது. தொடை எலும்பில் இருப்பது நடுவில் அல்லது சற்று முன்னால் இருக்கும், டிபியாவில் இருப்பது நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கும். டிபியாவை மனதுக்குள் முன்னால் இழுத்துப் பாருங்கள், இரண்டும் சரியாகப் பொருந்தும். புதிதாக ஏசிஎல் கிழிந்தவர்களில் பெரும்பாலோருக்கு, சுமார் 80 சதவீதம் பேருக்கு, எம்ஆர்ஐயில் இந்த மாதிரித் தடம் தெரியும். அதனால்தான் ஏசிஎல் இழைகள் படத்தில் தெளிவாக இல்லாவிட்டாலும் இந்த ஜோடித் தடத்தைப் பார்த்ததுமே ரேடியாலஜிஸ்ட் உஷாராகிவிடுவார்.

கன்ட்யூஷன் என்றால் எலும்புக்குள் அடி. எலும்பின் வெளி ஓடு உடையவில்லை. உள்ளே வலைப்பின்னலாக இருக்கும் பகுதியில் நுண்ணிய விரிசல்கள் விழுந்து, ரத்தமும் நீரும் கசிந்திருக்கிறது. எக்ஸ்ரேக்கு நீர் தெரியாது, ஓடுதான் தெரியும். அதனால் எக்ஸ்ரே 'நார்மல்' என்று வந்ததில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. மாவுக்கட்டு இதற்குத் தேவையும் இல்லை. போட்டால் கெடுதல்தான்: முட்டி இறுகும், தொடையின் முன்தசை இரண்டே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வற்றிவிடும். வற்றிய தசையை மீட்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும். எலும்பு அடி பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மறையும். சிலருக்குப் படத்தில் ஒரு வருடம் வரைகூட நிழலாகத் தெரியும், அதற்காகப் பதற வேண்டாம். அடி பரவலாக இருந்தால் வலி கொஞ்சம் நீடிக்கும், காலை முழுதாக ஊன்றுவதைச் சில வாரம் நிதானமாக்குவார்கள். அவ்வளவுதான்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. மோதல் பலமாக இருந்தால் தொடை எலும்பின் வெளிக்குமிழில் பள்ளமே விழும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்தப் பள்ளம் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகத் தெரிந்தால் ஏசிஎல் போயிருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். மேலே இருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பும் அதோடு சேர்ந்து நசுங்கியிருக்கும். குருத்தெலும்பு திரும்ப வளராது. ஆகவே ரிப்போர்ட்டில் வெறும் 'கன்ட்யூஷன்' இருந்தால் விட்டுவிடுங்கள். 'டிப்ரஷன்', 'சப்காண்ட்ரல் ஃப்ராக்சர்', 'காண்ட்ரல் டிஃபெக்ட்', 'அவல்ஷன்' என்ற வார்த்தைகளில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேளுங்கள்.

கடைசியாகச் சொன்ன அவல்ஷன் என்பது லிகமென்ட் அறுவதற்குப் பதில், தான் ஒட்டியிருந்த எலும்பைப் பெயர்த்துக்கொண்டு வருவது. இதில் முக்கியமாக மூன்று வகையைச் சொல்லலாம். தம்பிக்கு இவை இல்லை என்றாலும் இந்தப் பதிலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலாவது செகாண்ட் முறிவு. டிபியாவின் மேல் வெளி ஓரத்தில் ஒரு சிறு செதில் பெயர்ந்திருக்கும். பால் செகாண்ட் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1879இல் இதை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான். அவர் சடலங்களின் முட்டியைத் திருகிப் பார்த்தே கண்டுபிடித்தார். செதில் அற்பமாக இருக்கும், எக்ஸ்ரேயில் எளிதில் கண்ணுக்குத் தப்பும். ஆனால் அது இருந்தால் ஏசிஎல்லும் போயிருக்கும் என்று நம்பிச் சொல்லலாம். திருகும் விசையைத் தாங்கும் வெளிப்பக்கக் கட்டுமானமும் பலவீனப்பட்டிருக்கிறது என்பதற்கும் அது அடையாளம்.

இரண்டாவது குழந்தைகளுடையது. எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி வீங்கினால், ஏசிஎல் அறுவதைவிட அது ஒட்டியிருக்கும் டிபியல் ஸ்பைன் என்ற எலும்பு முனை பெயர்வதற்கு வாய்ப்பு அதிகம். அந்த வயதில் லிகமென்ட்டைவிட எலும்புதான் முதலில் விட்டுக்கொடுக்கும். லேசாகத் தூக்கியிருந்தால் காலை நீட்டிக் கட்டுப்போட்டாலே சேரும். முழுதாகப் பெயர்ந்திருந்தால் ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விடுவது) செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் மீடியல் மெனிஸ்கஸின் முன் முனையோ இரண்டு மெனிஸ்கஸையும் இணைக்கும் நாரோ அந்தத் துண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு எலும்பை உட்கார விடாது. எலும்பு, மெனிஸ்கஸ் இரண்டும் ஒரே காயத்தில் சிக்கிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது நம் ஊர் டூவீலர் காயம். மடங்கிய முட்டியின் முன்பக்கம் நேராக இடிபட்டு டிபியா பின்னால் தள்ளப்படும்போது பின்பக்க லிகமென்ட்டான பிசிஎல் எலும்போடு பெயர்ந்து வரும். எம்ஆர்ஐயில் லிகமென்ட் முழுசாக இருப்பதுபோல் தோன்றும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பின்னால் ஒரு துண்டு தெரியும். ஆரம்பத்திலேயே ஒரு ஸ்க்ரூ போட்டால் நன்றாகச் சேரக்கூடிய காயம் இது. முட்டியில் சிராய்ப்பும் வீக்கமும்தானே என்று மூன்று மாதம் விட்டுவிட்டு வருபவர்களுக்கு அதே வேலை பெரிய அறுவையாகிவிடும். கண்டுபிடித்தால் சுலபம், விட்டால் கஷ்டம் என்று இருக்கும் காயங்கள்மேல் எனக்குத் தனி எரிச்சல் உண்டு.

அதற்கும் மேலே போனால் மூட்டின் தட்டே உடைவது. 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் நடந்த உலகப் பனிச்சறுக்குப் போட்டியில் அமெரிக்க வீராங்கனை லிண்ட்சே வான் விழுந்தபோது வலது முட்டியில் ஏசிஎல், உள்பக்க லிகமென்ட்டான எம்சிஎல் இரண்டும் கிழிந்து டிபியாவின் மேல்தட்டும் உடைந்தது. அப்படிப்பட்ட காயத்தில் உள்ளே ஒரு தடயம் கிடைக்கும். வீங்கிய முட்டியிலிருந்து ஊசியால் ரத்தத்தை எடுத்து ஒரு தட்டில் ஊற்றிச் சற்று வைத்தால், மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு அது. வெறும் ரத்தம் என்றால் பெரும்பாலும் ஏசிஎல். எண்ணெய் மிதந்தால் எங்கோ எலும்பு உடைந்து மூட்டுக்குள் திறந்திருக்கிறது, எக்ஸ்ரேயைத் திரும்பப் பாருங்கள், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுங்கள் என்று அர்த்தம்.

கார், பைக் விபத்தில் மூட்டே நழுவிப் பல லிகமென்ட்கள் போயிருந்தால் கதை வேறு. 2022 டிசம்பர் 30இல் ரூர்க்கி அருகே நடந்த கார் விபத்தில் ரிஷப் பந்தின் வலது முட்டிக்கு நேர்ந்தது அந்த ரகம். அவர் ஐபிஎல்லுக்குத் திரும்ப 2024 மார்ச் ஆனது. அந்த மாதிரிக் காயத்தில் முதல் சில மணி நேரம் லிகமென்ட்டைப் பற்றி யாரும் யோசிக்கவே கூடாது. முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருக்கிறதா என்று பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். பாதம் குளிர்ந்து வெளுத்தாலோ மரத்துப்போனாலோ உடனே ரத்தக்குழாய் மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. ஆறு மணி நேரம் தாண்டினால் காலுக்கே ஆபத்து.

சரி, மூன்றாவது வரிக்கு வருவோம்.

முட்டிக்குள் மெனிஸ்கஸ் இரண்டு. உள்பக்கம் இருப்பது மீடியல், வெளிப்பக்கம் இருப்பது லேட்டரல். தொடை எலும்பின் உருண்டைக்கும் டிபியாவின் தட்டைக்கும் நடுவே உட்கார்ந்து எடையைப் பரப்பிவிடுகின்றன. உள்பக்க எடையில் ஏறக்குறைய பாதியையும், வெளிப்பக்க எடையில் 70 சதவீதம் வரையும் இவைதான் வாங்கிக்கொள்கின்றன. ஒரு காலத்தில் கிழிந்தால் முழுதாக வெட்டி எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்த முட்டிகளின் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைவதையும் எலும்பு ஓரம் தடிப்பதையும் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948இலேயே எழுதிவிட்டார். அப்புறமும் பல வருடம் வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். இன்று தைக்க முடிந்ததைத் தைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை.

எந்த மெனிஸ்கஸ் எப்போது கிழிகிறது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏசிஎல், எம்சிஎல், மீடியல் மெனிஸ்கஸ் மூன்றும் சேர்ந்து போவதை ஓடோனஹ்யூ என்ற அறுவை மருத்துவர் 1950இல் சொல்லி, 'அன்ஹேப்பி ட்ரையட்' என்று அது பிரபலமாகிவிட்டது. பிறகு ஷெல்போர்ன், நிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் ஆர்த்ரோஸ்கோப்பி வழியாகப் பார்த்து எழுதியது வேறு: புதுக் காயத்தில் லேட்டரல்தான் அதிகம் கிழிகிறது. மோதல் வெளிப்பக்கம்தானே நடக்கிறது. ஏசிஎல் இல்லாமல் மாதக்கணக்கில் நடமாடுபவர்களுக்குத்தான் மீடியல் கிழிசல் கூடிக்கொண்டே போகும். காரணம், ஏசிஎல் போனபிறகு டிபியா முன்னால் சறுக்காமல் தடுப்பது மீடியல் மெனிஸ்கஸின் பின்பகுதிதான். மேட்டில் நிற்கும் லாரியின் டயருக்கு அடியில் கட்டை வைப்பார்களே, அந்த வேலை. பிரேக் போன லாரியில் ஒவ்வொரு குலுக்கலும் கட்டையில்தான் விழும். முட்டி ஒவ்வொரு முறை 'நழுவும்போதும்' அந்தப் பின்பகுதி இன்னும் கொஞ்சம் கிழிகிறது.

தம்பிக்கு மூன்றே வாரத்தில் மீடியலில் கிரேடு 3 என்று வந்திருக்கிறது. கிரேடு 1, 2 என்றால் மெனிஸ்கஸுக்குள்ளே மட்டும் நிற மாற்றம், அதைக் கிழிசல் என்று சொல்ல மாட்டோம். மேற்பரப்பைத் தொட்டால்தான் கிரேடு 3, அதுதான் கிழிசல். எந்த மாதிரிக் கிழிசல் என்பது ரிப்போர்ட்டில் இல்லை. இதைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

பின்பகுதிக் கிழிசல்களில் ஒளிந்திருப்பது ரேம்ப் கிழிசல். மெனிஸ்கஸ் பின்னால் மூட்டின் உறையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் பிரிந்துபோவது. ஏசிஎல் கிழிந்தவர்களில் ஐந்தில் அல்லது ஆறில் ஒருவருக்கு இது இருக்கிறது. எம்ஆர்ஐயில் முட்டி நேராக இருப்பதால் பிரிந்த இடம் மூடிக்கொண்டு தெரியாமல் போகும். டிபியாவின் பின்-உள் ஓரத்திலும் ஒரு எலும்பு அடி இருந்தால் ரேம்ப் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். நிழலாகத் தெரியும் எலும்பு அடி உண்மையில் பயன்படுவது இப்படித்தான்.

அறுவையிலும் இதைத் தவறவிடுவது சுலபம். கேமராவை முன்பக்கத் துளை வழியாக விட்டுப் பார்த்தால் மெனிஸ்கஸ் அழகாக, முழுசாகத் தெரியும். கேமராவை பிசிஎல்லுக்கும் தொடை எலும்பின் உள்குமிழுக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைத்துப் பின்னறைக்குள் தள்ள வேண்டும். பிறகு முட்டியின் பின்-உள் பக்கத் தோல் வழியாக ஒரு ஊசியை விட்டு அந்த இணைப்பை மெதுவாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் நார் விலகி உள்ளே சிவந்த பிளவு திறக்கும். இரண்டு நிமிட வேலை. செய்யாமல் ஏசிஎல்லை மட்டும் போட்டுவிட்டு வந்தால் புது லிகமென்ட் மேல் சுமை கூடிக்கொண்டே இருக்கும். ஆகவே 'ஏசிஎல்லை மட்டும் சரிசெய்தால் போதாதா' என்ற கேள்விக்குப் பதில், போதாது என்பதே. உங்கள் மருத்துவரிடம் "பின்னறைக்குள் போய்ப் பார்ப்பீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று ரூட் கிழிசல், அதாவது மெனிஸ்கஸ் எலும்பில் ஊன்றியிருக்கும் வேர் அறுவது. ஏசிஎல்லோடு வரும்போது பெரும்பாலும் லேட்டரலின் பின் வேர்தான். பார்க்கச் சின்னது. ஆனால் வேர் போனால் எடை ஏறும்போது மெனிஸ்கஸ் வெளியே பிதுங்கிவிடும், இருந்தும் இல்லாத கணக்குத்தான். இதை எலும்பில் துளை போட்டு இழுத்துத் தைக்க வேண்டும்.

மூன்றாவது பக்கெட் ஹேண்டில். கிழிந்த பாதி புரண்டு மூட்டின் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். முட்டி மடங்கும், முழுதாக நீளாது. தம்பியைக் குப்புறப் படுக்க வைத்து, முட்டியிலிருந்து கீழ்க்கால் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். இரண்டு குதிகாலும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடது குதிகால் சில சென்டிமீட்டர் மேலே நின்றால் முட்டி முழுதாக நீளவில்லை. வலியால் பின்தொடைத் தசை இறுகினாலும் இப்படி ஆகும், அறுந்த ஏசிஎல்லின் முனை குறுக்கே கிடந்தாலும் ஆகும். ஆனால் ரிப்போர்ட்டில் மெனிஸ்கஸ் கிழிசலும் இருக்கும்போது இதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது. மாட்டிய துண்டு நசுங்க நசுங்கத் தைக்கும் தகுதியை இழக்கும். நம் பக்கம் முட்டி வீங்கினால் எண்ணெய் போட்டு நீவிவிடுவதும், வண்டி பிடித்து புத்தூர் கட்டுக்குப் போவதும் சாதாரணம். நீளாத முட்டியை அமுக்கி நீட்டிவிட மட்டும் யாரையும் விடாதீர்கள்.

எல்லாக் கிழிசலுக்கும் தையல் வேண்டும் என்பதும் இல்லை. லேட்டரலின் பின்பகுதியில் ஏசிஎல்லோடு வரும் சிறிய, அசையாத கிழிசலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவோம், அதுவாகவே ஆறும். மெனிஸ்கஸின் வெளி மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு. அங்கே தைத்தால் கூடும். உள் ஓரம் நைந்து தொங்கினால் அந்தத் துணுக்கை மட்டும் நறுக்குவார்கள். தம்பிக்குச் சாதகமான ஒன்று: ஏசிஎல் அறுவையோடு சேர்த்துத் தைத்த மெனிஸ்கஸ், தனியாகத் தைத்ததைவிட நன்றாகக் கூடுகிறது. லிகமென்ட்டுக்காக எலும்பில் துளை போடும்போது மஜ்ஜை ரத்தம் மூட்டுக்குள் பரவுவது இதற்கு ஒரு காரணம்.

எவ்வளவு நாள் தள்ளலாம்? முட்டி பூட்டிக்கொண்டிருந்தால், வேர் அறுந்திருந்தால், எலும்போடு பெயர்ந்திருந்தால் தள்ளக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடைத்தசை விழித்துக்கொள்ளும் வரை பொறுப்பதே நல்லது. வீங்கிய முட்டியில் அவசரமாகக் கத்தி வைத்தால் மூட்டு இறுகிவிடும். அதற்காக அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகப்போக மீடியல் மெனிஸ்கஸ் பாழாகும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

"ஆபரேஷனே வேண்டாம், பயிற்சி போதும் என்று வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்லுதாமே" என்று யாராவது சொல்வார்கள். 2010இல் வெளியான ஸ்வீடன் ஆய்வைச் சொல்கிறார்கள். 121 இளைஞர்களில் ஒரு பாதிக்கு உடனே ஏசிஎல் அறுவை, மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதில் தொழில்முறை வீரர்களைச் சேர்க்கவில்லை. பயிற்சித் தரப்பிலும் ஐந்து வருடத்தில் பாதிப் பேர் அறுவைக்கு வந்துவிட்டார்கள். அலுவலக வேலை, நடைப்பயிற்சி என்று இருப்பவருக்கு அது நல்ல வழி, நானும் அதைத்தான் சொல்வேன். ரெய்டில் ஒற்றைக் காலில் சுழன்று திரும்பும் 19 வயதுப் பையனுக்கு, அதுவும் மீடியல் கிழிசலோடு, சொல்ல மாட்டேன்.

தைத்தால் பிறகு பத்தியம் கூடும். ஏசிஎல் மட்டும் என்றால் சில நாளிலேயே கால் ஊன்றி நடக்கவிடுவார்கள். மெனிஸ்கஸ் தைத்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. வேரைத் தைத்திருந்தால் ஆறு வாரம் ஊன்றவே கூடாது. சம்மணம் போடுவது, குத்தவைப்பது, இந்தியன் டாய்லெட் எல்லாம் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு இல்லை. வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் அறுவைக்கு முன்பே பிளாஸ்டிக் கமோட் நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். தைக்கும் உபகரணத்துக்குத் தனியாகப் பில் வரும். எத்தனை தேவைப்படலாம், காப்பீட்டில் அது அடங்குமா என்பதையும் முன்னாலேயே கேளுங்கள்.

மீண்டும் மைதானத்துக்கு ஒன்பது மாதத்துக்கு முன் வேண்டாம். 2016இல் வந்த ஒரு ஆய்வில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2023 அக்டோபரில் உருகுவேக்கு எதிராக ஆடும்போது ஏசிஎல்லும் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்த நெய்மார் திரும்ப ஆட ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஊர்த் திருவிழாக் கபடி ஆறாம் மாதமே வந்து நிற்கும், டீம்காரர்களும் வந்து நிற்பார்கள். அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் பேப்பரோடு எம்ஆர்ஐ படங்கள் பதிந்த சிடி தட்டையும், முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள். பின்-உள் ஓர எலும்பு அடி, லேட்டரல் வேர், மீடியல் கிழிசலின் வகை, இந்த மூன்றையும் படத்தில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.